மூன்றாம் வழியில் குறைந்த காற்று

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஜுனைதீனின் த்ரீவீல் டொறீனின் வீட்டு வாசலில் வந்து நின்றது. பின் இருக்கையில் ஒரு மனிதர் மடியில் ஒரு சாக்கு மூட்டையை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தபடி இருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்கள் அப்படித்தான் பிடித்திருப்பார்கள்.

"மிஸ், இது கொங்காவெல ஷிஃபான் நானா," என்றார் ஜுனைதீன். "எஞ்சின் ஹெட் வேல செய்றவர். வர்ற வழியில ஒரு வார்த்த கதைக்கல. கேஸ் பெருசுன்னு நெனைக்கிறேன்."

டொறீன் முப்பது வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வாகன விபத்து மதிப்பீட்டாளராக இருந்தவர். நசுங்கிப்போன வாகனத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, எது முதலில் உடைந்தது, யார் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் மாத்தளைக்காரர்கள் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. இத்தனைக்கும் அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. அந்தக் குறையை நிரப்பத்தான் ஜுனைதீன் இருக்கிறார். அவரை யாரும் உதவியாளராக நியமிக்கவில்லை. தானாகவே வேலைக்குச் சேர்ந்து, தானாகவே பதவி உயர்வும் எடுத்துக்கொண்டவர்.

ஷிஃபான் மூட்டையை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே நான்கு சிலிண்டர் எஞ்சினின் ஹெட் ஒன்று இருந்தது. அலுமினியம். பக்கவாட்டில் வரிசையாக நான்கு வாய்கள்.

"இதுதான் போர்ட், மிஸ். காத்தும் பெட்ரோலும் இது வழியாத்தான் உள்ள போகும். கம்பெனியில வார்த்து அனுப்புறது உள்ள மேடும் பள்ளமுமா இருக்கும். நான் சின்ன அரைக்கிற மெஷின உள்ள விட்டு, தடங்கல எடுத்து, வழிய அகலமாக்கிக் குடுக்குறேன். எஞ்சின் நல்லா மூச்சு விடும். கார் இழுக்கும். இருபத்தாறு வருஷமா இந்த ஒரு வேலதான்."

"மூணாவது வாயில என்ன ஓட்ட?" என்றார் டொறீன்.

அவர் அதைக் கேட்டுவிட்டாரே என்பதுபோல ஷிஃபான் கண்களை மூடித் திறந்தார். மூன்றாவது வழியின் கூரையில் மிளகு அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதன் ஓரம் காகிதம்போல மெலிந்து உட்பக்கம் மடிந்திருந்தது.

"அந்தக் கூரைக்கு மேல எஞ்சின் தண்ணி ஓடுது. வியாழக்கிழமை இந்த ஹெட்டோட சொந்தக்காரர், ரொமேஷ் தம்பி, நாலந்தா பக்கம் காரை ஓட்டிப் பாத்திருக்கார். கூரை பிஞ்சு தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருச்சு. எஞ்சின் அப்படியே இறுகிருச்சு. வளைவுல சில்லு சுத்தாமப் பிடிச்சுக்கிட்டு, கார் மிளகுத் தோட்டத்துக்குள்ள இறங்கிருச்சு. தோள் எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரில இருக்கார். அல்லாஹ் காப்பாத்தினான்."

"போலீஸ்ல போட்டிருக்காங்களா?"

"அதுக்கு நான் பயப்படல மிஸ்." ஷிஃபான் குரலைத் தாழ்த்தினார். "அதே வாரம் இதே மாதிரி இன்னொரு ஹெட் செஞ்சேன். அது இப்ப என் மச்சான் றினோஸோட கார்ல இருக்கு. என் பொஞ்சாதியோட தம்பி. நாளைக்கு எஸ்டேட் ரோட்டுல மலையேத்தப் போட்டி. இன்னைக்கு அஞ்சு மணிக்கு பல்லேபொலயில இருந்து ஓட்டிப் பாக்கப் போறான். இதுல ஓட்ட விழுந்தது என் கையாலன்னா, அதுலயும் விழும்."

"முதல்ல அவர நிறுத்துங்க."

"காரணம் கேப்பான். சும்மா சொன்னா கேக்க மாட்டான். அவன் அக்கா கெட்ட கனவு கண்டேன்னு நேத்து மூணு தரம் போன் பண்ணிட்டா. சிரிச்சுட்டு வச்சுட்டான். உண்மைக் காரணத்தச் சொல்லணும்." அவர் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தார். "காரணம் இதுதான்."

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே மெல்ல ஆடின. ஜுனைதீன் ஒன்றும் பார்க்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தன மாசமா?"

"நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. டொக்டர்கிட்ட போகல. போனா அதுக்கு ஒரு பேர் வச்சிருவாங்க. யாருக்கும் தெரியாது மிஸ். பொஞ்சாதி ஜெஸ்லாவுக்கும் தெரியாது."

"கை ஆடுதுன்னு தெரிஞ்சும் ஏன் வேல செஞ்சீங்க?"

ஏசுவதுபோல இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் டொறீன் கேட்டார். அது ஷிஃபானுக்கும் விளங்கியது.

"ஒவ்வொரு வேல முடிஞ்சதும் போர்ட்டுக்குள்ள ரப்பர் ஊத்தி அச்சு எடுத்து வைப்போம். மோல்ட்னு சொல்றது. போர்ட் உள்ள எப்படி இருக்கோ அதே மாதிரி வெளில வரும். கை நடுங்கினா உள்ள அலை அலையா தடம் விழுகும். மோல்ட்ல அது காட்டிக்கொடுத்துரும். ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். ஒரு அலை இல்ல. அப்ப மெஷின் பிடிக்கிற நேரம் மட்டும் கை நிக்குதுன்னு நம்பினேன்." விரித்த கையை மடக்கிக்கொண்டு, "இப்ப நம்ப முடியல," என்றார். "என் கைதானான்னு மட்டும் சொல்லுங்க. ஆமான்னா நானே றினோஸுக்குச் சொல்லிட்டு, கடையவும் மூடிர்றேன்."

"நாலு மணி வரைக்கும் பாக்குறேன். தெரிஞ்சாலும் தெரியாட்டியும் அதுக்குப் பிறகு நானே றினோஸோட கதைப்பேன்."

ஷிஃபான் தலையசைத்தார். டொறீன் டோர்ச்சை எடுத்து ஹெட்டை அரை மணிநேரம் பார்த்தார். நான்கு வழிகளுக்குள்ளும் விரலை விட்டுத் தடவினார். நான்கும் ஒரே மாதிரி, எங்கும் தட்டாமல் ஓடின. பிறகு, வெளிப்பக்கத்தில் யாரும் ஆணி பூட்டாமல் விட்டிருந்த, மறுபக்கம் திறக்காத ஒரு துளைக்குள் குண்டூசியை விட்டுச் சுரண்டினார். அடியில் வெள்ளையாக ஏதோ உருகி உறைந்திருந்தது. அதில் வெள்ளித்தூள்போல அலுமினியப் பொடி ஒட்டியிருந்தது. அதை ஒரு நெருப்புப்பெட்டிக்குள் போட்டு வைத்துக்கொண்டார்.

"அரைக்கும்போது அலுமினியம் மெஷின் பல்லுல அப்பிக்காதா? அதுக்கு என்ன பாவிப்பீங்க?"

"மண்ணெண்ணெய். ஒரு டின்ல வச்சு அடிக்கடி நனைச்சுக்குவேன். வேற ஒண்ணும் பாவிக்கிறதில்ல."

"சரி. நீங்க வீட்டுக்குப் போய் இருங்க. நாங்க நாலந்தா போயிட்டு வர்றோம்."

நாலந்தாவுக்குப் போகும் வழியெல்லாம் ஜுனைதீன் வழக்கை முடித்துக்கொண்டே வந்தார். ஹெட்டை ரொமேஷின் காரில் பூட்டியவர் நோபர்ட் என்ற நாலந்தா மெக்கானிக். ஹெட் இரண்டு நாள் அவருடைய கராஜில் கிடந்திருக்கிறது. நோபர்ட்டின் மருமகனும் இப்போது இதே வேலையைப் பழகுகிறானாம். ஷிஃபானின் பெயர் கெட்டால் யாருக்கு லாபம்?

"நீங்க ரோட்டப் பாருங்க," என்றார் டொறீன்.

"ரோட்டையும் பாக்குறேன் மிஸ், மோட்டிவையும் பாக்குறேன்."

நோபர்ட் வஹகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கராஜைத் திறப்பவர். குட்டையான, கோபக்கார மனிதர். கேள்வியைக் கேட்டதுமே கையிலிருந்த ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஹெட் வந்தது பொலித்தீன்ல சுத்தி. பூட்டுற அன்னைக்குத்தான் பிரிச்சேன். நான் ஏன் அதத் தொடணும்? பாத்தா தொடவே மனசு வராது. நாலும் ஒரே அச்சு. அந்தாளோட வேல முந்தியும் நல்லாத்தான் இருக்கும், ஆனா இந்த நாலஞ்சு மாசமா அதவிட நைஸ். கண்ணாடியில கை வச்ச மாதிரி. நானே ரொமேஷ்கிட்ட சொன்னேன், ஷிஃபானுக்கு வயசு போகப் போக கை தெளியுதுன்னு."

டொறீன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நாலஞ்சு மாசமாவா?"

"ஆமா. ஏன், அதுல என்ன?"

இதற்குள் ஜுனைதீன் மூலையிலிருந்து ஒரு சிறிய அரைக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் பல்லுக்குள் அலுமினியம் அப்பியிருந்தது. அவர் முகத்தில் பெருநாள் காசு கிடைத்த மகிழ்ச்சி. நோபர்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. அது ஒரு கைப்பிடியைத் தேய்க்க எடுத்தது என்றும், கராஜ் என்று இருந்தால் மெஷின் இருக்காமல் கருவாடா இருக்கும் என்றும் கத்தினார்.

"கத்த வேணாம் நோபர்ட்," என்றார் டொறீன். "ஹெட் உங்ககிட்ட வர முந்தியே அதோட அச்ச எடுத்து வச்சிருக்காங்க. நீங்க தொட்டிருந்தா அச்சுக்கும் ஹெட்டுக்கும் வித்தியாசம் இருக்கும். தொடாட்டி இருக்காது. அதப் பாத்துட்டு வந்து ஜுனைதீன் உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பார், இல்லாட்டி போலீஸக் கூட்டிட்டு வருவார்."

ஷிஃபானின் வீட்டுக்கு வந்து சேரும்போது மணி இரண்டரை. மழை வரப்போகிற புழுக்கம். வீட்டின் முன்பாதிதான் கடை. கடைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: "நாலுக்கும் ஒரே மூச்சு". எஞ்சினின் நான்கு சிலிண்டர்களுக்கும் சமமாகக் காற்றுப் போக வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி. ஷிஃபான் அதைத்தான் கடையின் பெயராகவே வைத்திருந்தார்.

அவர் மனைவி ஜெஸ்லா தேநீர் கொண்டுவந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தூங்காத கண்கள். டொறீனுக்கும் ஜுனைதீனுக்கும் கோப்பை நிறைய வைத்தார். கணவருக்கு மட்டும் உயரமான ஒரு பெரிய மக்கில் பாதிக்கும் குறைவாக ஊற்றி வைத்தார். ஷிஃபான் அதை எடுத்துக் குடித்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"மோல்ட் எடுக்குறது யாரு?" என்றார் டொறீன்.

"இவதான்," என்றார் ஷிஃபான். "நான் கடைசியா அரைச்சு, காத்து அளந்து, புத்தகத்துல எழுதினதும் என் வேல சரி. அதுக்குப் பிறகு ஹெட் குசினிக்குப் போயிரும். ஜெஸ்லா கழுவி, காய வச்சு, ரப்பர் ஊத்தி மோல்ட் எடுத்து, பொலித்தீன்ல சுத்தி வைப்பா. கல்யாணம் முடிச்ச காலத்துல இருந்து அப்படித்தான்."

அலுமாரி நிறைய பிஸ்கட் டின்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். 212 உடைந்த ஹெட். 213 றினோஸின் ஹெட். டொறீன் 212ஐத் திறந்தார். உள்ளே நீல நிறத்தில் நான்கு ரப்பர் துண்டுகள், வளைந்த வாழைப்பழங்களைப்போல. அளவுகோலால் அளந்தார். நான்கும் ஒரே அளவு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓர் அலை இல்லை. பிறகு மூன்றாவது துண்டை, சாக்கிலிருந்து எடுத்த உடைந்த ஹெட்டின் மூன்றாவது வழிக்குள் மெல்லத் தள்ளினார். விரல் மோதிரத்துக்குள் போவதுபோல உள்ளே போய்ப் பொருந்தியது. ஓர் இடுக்கு இல்லை.

ஜுனைதீனின் முகம் தொங்கிப்போனது. "அப்ப நோபர்ட் தொடல."

"தொடல. இந்த வீட்டுல இருந்து வெளில போகும்போதே ஹெட் இப்படித்தான் இருந்திருக்கு."

ஷிஃபான் மக்கை மேசைமேல் வைத்தார். அது வைக்கும்போது இரண்டு தடவை டக் டக்கென்று அடித்தது. "அப்ப என் கைதான்," என்றார் கடைசியில். ஜெஸ்லா சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

"அவசரப்பட வேணாம். காத்து அளக்குற புத்தகத்த எடுங்க."

காற்றை அளக்கும் கருவி கடையின் மூலையில் இருந்தது. ஷிஃபான் தானே செய்தது. தூசி உறிஞ்சும் மெஷின்களின் மோட்டார் நாலைப் பூட்டிய ஒரு மரப்பெட்டி. அதன்மேல் ஹெட்டை வைத்தால் மோட்டார்கள் வழிக்குள்ளால் காற்றை இழுக்கும். எவ்வளவு போகிறது என்பதைக் கண்ணாடிக் குழாயில் ஏறும் சிவப்புத் தண்ணீர் காட்டும். இலக்கம் கூடினால் காற்று கூட. ஜுனைதீன் தன் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டார்.

212: 98, 97, 91, 98.
213: 96, 97, 97, 90.

"பாத்தீங்களா மிஸ்," என்று மெதுவாகக் காதில் சொன்னார். "மூணாவதுதான் பிழை. 91. கை தப்பின இடம் அதுதான். பாவம் மனுஷன்."

டொறீன் இரண்டாவது வரியைப் பார்த்துவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. கை கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போனார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய சவர்க்காரத் தூள் டின், ரப்பர்ப் போத்தல்கள், துணிகள். ஜன்னல் கட்டையில் ஒரு தடித்த மெழுகுவர்த்தி இருந்தது. அதன் திரி வெள்ளையாக, ஒரு தடவையும் எரியாமல் இருந்தது. ஆனால் பக்கவாட்டில், சுழலும் எதையோ வைத்து அழுத்தியதுபோல, வட்ட வட்டமாகப் பள்ளங்கள். பள்ளத்துக்குள் சாம்பல் நிறப் பொடி. டொறீன் அதைக் கையில் எடுத்தார். அடுப்படியில் நின்ற ஜெஸ்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க," என்றார் டொறீன் மெதுவாக. "முன்னுக்குப் போவோம். இனி ஒளிக்க டைம் இல்ல."

நான்கு பேரும் கடைக்குள் உட்கார்ந்தார்கள். டொறீன் மெழுகுவர்த்தியை ஹெட்டின் பக்கத்தில் வைத்தார்.

"ஷிஃபான் நானா, உங்க கை நடுங்குது. அது உண்ம. மோல்ட்ல ஒரு அலைகூட இல்ல. அதுவும் உண்ம. நீங்க ரெண்டையும் சேத்துப் பாத்து, அரைக்கும்போது கை நிக்குதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. இப்ப அந்த மக்க வைக்கும்போதுகூட கை நிக்கல. அந்தக் கை அரைச்சா அலை விழத்தான் செய்யும். அலை இல்லன்னா, கடைசியா உள்ள போனது வேற கை."

"அளந்த பிறகு நான்தான் மறுபடி ஒரு தரம் அரைச்சிருப்பேனோன்னு..." என்று தடுமாறினார் ஷிஃபான். "மூணாவதுல கூரை மெல்லிசுன்னு தெரிஞ்சு ஒரு மேட்ட விட்டதா எனக்கு ஞாபகம். ஆனா உடைஞ்ச ஹெட்ல மேடு இல்ல. ஞாபகமும் கைய மாதிரிப் போயிருச்சுன்னு நெனச்சுட்டேன்."

"உங்க ஞாபகம் சரி. அதுக்கு உங்க புத்தகமே சாட்சி. ஜுனைதீன், 91 என்னான்னு சொன்னீங்க?"

"கை தப்பின இடம்னு."

"கை தப்பிக் கூட வெட்டியிருந்தா வழி அகலமாயிரும். காத்து கூடுமா, கொறையுமா?"

ஜுனைதீன் கொப்பியைப் பார்த்தார். "கூடணும்," என்றார்.

"கொறைஞ்சிருக்கு. அப்ப அளந்த நேரம் அங்க அலுமினியம் மிச்சம் இருந்திருக்கு. நானா விட்ட மேடு. ஆனா அதுக்குப் பிறகு எடுத்த மோல்ட்ல நாலும் ஒரே அளவு. மேடு இல்ல. அளந்ததுக்கும் மோல்ட் எடுத்ததுக்கும் நடுவுல யாரோ அத எடுத்துட்டாங்க. உடைஞ்ச ஹெட்டுல ஒரு ஆணித் துளைக்குள்ள மெழுகு உறைஞ்சு கிடந்துச்சு, அலுமினியப் பொடியோட. நானா மண்ணெண்ணெய் பாவிக்கிறவர். மண்ணெண்ணெய் குசினியில நாறும். மெழுகு நாறாது. பல்லுல பூசிக்கிட்டா அலுமினியமும் அப்பாது."

யாரும் ஜெஸ்லாவின் பக்கம் திரும்பவில்லை. அதனால் அவர் தானாகவே பேச வேண்டியிருந்தது.

"எப்ப தெரியும் மிஸ் உங்களுக்கு?"

"தேத்தண்ணி ஊத்தினப்ப. இவருக்கு மட்டும் பாதி மக். சிந்தாம இருக்க. அவர் ஒளிச்சு வச்சிருக்கத நீங்க கண்டுட்டீங்கன்னு அப்பவே விளங்கிச்சு."

ஷிஃபான் மனைவியைப் பார்த்தார். பார்த்துவிட்டு மக்கைப் பார்த்தார்.

"பெருநாள் முடிஞ்சு ரெண்டாம் மாசம்," என்றார் ஜெஸ்லா. அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "கழுவும்போது விரல்ல பட்டுச்சு. உள்ள எல்லாம் அலை. இத அப்படியே அனுப்பினா நோபர்ட் ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருவார். ஊரெல்லாம் கதைக்கும். இவரோட கேட்டா இவர் உடைஞ்சு போயிருவார். இருபது வருஷமா பாத்த வேலதானே. இவர் பள்ளிக்குத் தொழப் போற நேரம், மார்க்கெட் போற நேரம் மெல்லிசா அலைய எடுத்தேன். ஒரு காகிதம் அளவுதான். அலை போனதும் மோல்ட் எடுத்தேன்."

"அப்ப நான் பாத்துட்டு இருந்த மோல்ட்..." என்றார் ஷிஃபான்.

"ஆமா. என் கை."

ஐந்து மாதமாக அந்த மனிதர் ஒவ்வோர் இரவும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என் கை இன்னும் சரியாகத்தான் இருக்கிறது என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டது அந்த ரப்பர்த் துண்டுகளை வைத்துத்தான். அலையைத் தேடியே பார்த்ததால், அளவு மாறியிருந்தது அவர் கண்ணில் படவில்லை. இப்போது அவர் முகத்தைப் பார்க்க ஜுனைதீனுக்கே சங்கடமாக இருந்தது. ஒரு ஜோக் வாய்வரை வந்து, திரும்பிப் போய்விட்டது.

"மூணாவதுல ஒரு மேடு இருந்துச்சா?" என்றார் டொறீன்.

"இருந்துச்சு. கூரையில. நல்ல பெருசு. கை ஆடி அந்த இடத்துல மெஷின் போகவே இல்லன்னு நெனச்சேன்." ஜெஸ்லா பலகை இருந்த திசையைக் கையால் காட்டினார். "நாலுக்கும் ஒரே மூச்சுன்னு எழுதி வச்சிருக்கோம். நாலும் ஒண்ணா இல்லாட்டி இவரு பேருதானே போகும். அதனால மத்த மூணு மாதிரியே அதையும் எடுத்தேன்."

"சில ஹெட் வார்க்கும்போதே அச்சு கொஞ்சம் விலகிரும்," என்றார் ஷிஃபான். "ஒரு பக்கம் கூரை மெல்லிசா வரும். தண்ணி வழியால கம்பிய விட்டுத் தடவிப் பாத்து, அங்க கை வைக்காம விட்டேன். ஓட்ட விழுறதவிட மூச்சு கொறையிறது பரவால்லைன்னு. உனக்கு எப்படித் தெரியும். நான் சொன்னதே இல்லையே."

"நான் கேட்டதும் இல்ல," என்றார் ஜெஸ்லா. "கேட்டா நான் தொட்டது தெரிஞ்சிரும். ரொமேஷ் தம்பிக்கு அப்படி ஆனதும், நீங்க ஆழமா வெட்டிட்டீங்கன்னுதான் நானும் நெனச்சேன். அதான் றினோஸுக்குக் கனவுன்னு பொய் சொன்னேன். உங்கள மாட்டி விட மனசு வரல."

ஒருவர் மற்றவரைக் காப்பாற்றப்போய் இரண்டு பேருமாக ஒரு மனிதனை மிளகுத் தோட்டத்துக்குள் தள்ளிவிட்டார்கள். டொறீனுக்குக் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. எதற்கும் அப்போது நேரம் இல்லை. அவர் புத்தகத்தை ஜெஸ்லாவின் பக்கம் திருப்பி 213இன் கடைசி இலக்கத்தில் விரலை வைத்தார்.

"றினோஸோட ஹெட். நாலாவது போர்ட்ல 90. அங்கயும் ஒரு மேடு இருந்துச்சா?"

ஜெஸ்லா இலக்கத்தைப் பார்த்தார். ஷிஃபான் 213ஆம் டின்னை இழுத்து மூடியைத் திறந்தார். மூடி விரலில் நிற்காமல் தரையில் விழுந்து உருண்டது. நான்கு துண்டுகள். நான்கும் ஒரே அளவு.

"எடுத்துட்டேன்," என்றார் ஜெஸ்லா.

மணி மூன்று ஐம்பத்தைந்து. ஷிஃபான் தன் போனை எடுத்தார். விரல் இலக்கத்தில் நிற்கவில்லை. ஜெஸ்லா அதை அவர் கையிலிருந்து வாங்கி அழுத்தினார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் ஓய்ந்தது. ஜுனைதீன் எழுந்து த்ரீவீல் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். பல்லேபொலவுக்கு எவ்வளவு வேகமாகப் போனாலும் அரை மணிநேரம். மூன்றாவது தடவை றினோஸ் எடுத்தான். போனுக்குள் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"ராத்தா, மறுபடி கனவா?" றினோஸ் கத்திப் பேசினான். "எஞ்சின் சூடாக்கிட்டேன். மழை வர முந்தி ஒரு தரம் மேல ஏறிட்டு வந்துர்றேன். வந்து எடுக்குறேன்."

"கனவு இல்ல, றினோஸ். கனவே காணல. அந்த ஹெட்ட நான் அரைச்சேன்."

"என்னது? யாரு அரைச்சா?"

"நான். உன் மச்சான் வேணும்னு விட்ட இடத்த, பிழைன்னு நெனச்சு நான் எடுத்துட்டேன். மச்சானுக்குக் கை நடுங்குது. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமச் செஞ்சேன். ரொமேஷ் தம்பிக்கு ஆனதுதான் உனக்கும் ஆகும். உம்மா மேல சத்தியம். எஞ்சின நிப்பாட்டு."

அந்தப் பக்கம் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைக்குள் நான்கு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஷிஃபான் கண்களை மூடி உதடுகளால் எதையோ ஓதினார். பிறகு சத்தம் இரண்டு முறை இருமி, நின்றது. பின்னால் மழை விழும் ஓசை மட்டும் கேட்டது.

"நிப்பாட்டிட்டேன்," என்றான் றினோஸ். "மச்சான் பக்கத்துல இருக்காரா? அவருக்குப் போனக் குடு."

ஜெஸ்லா போனைக் கணவரின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் போட்டி நடந்த நேரத்தில் றினோஸின் காரில் எஞ்சின் திறந்து கிடந்தது. ஷிஃபான் நான்காவது வழியின் கூரையில் ஒரு ஊசிமுனையை வைத்துப் பெருவிரலால் அழுத்தினார். ஊசி அப்படியே மறுபக்கம் போய்விட்டது. றினோஸ் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, காரின் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். போட்டி போன கவலையை அவன் அதன்பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே ஷிஃபானும் ஜெஸ்லாவும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரொமேஷின் கட்டிலருகில் நின்று நடந்ததைச் சொன்னார்கள். ரொமேஷ் ஏசினான். அவனுக்கு அந்த உரிமை இருந்தது. ஏசி முடித்தபின், புது ஹெட் யார் செய்வது என்று கேட்டான். ஜுனைதீன் நாலந்தாவுக்குப் போய் நோபர்ட்டிடம் மன்னிப்புக் கேட்டார். நோபர்ட் மன்னிக்கவில்லை, ஆனால் பிளேன்டீ கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து டொறீன் அந்தப் பக்கம் போனபோது கடைக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. ரோட்டில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிய, ஜெஸ்லா கடை மேசையில் உட்கார்ந்து மெஷினைப் பிடித்திருந்தார். பக்கத்தில் ஷிஃபான். டொக்டரிடம் போய்விட்டு வந்திருந்தார். நோய்க்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். மேசைமேல் கோப்பை நிறையத் தேநீர் இருந்தது, சுற்றிலும் கொஞ்சம் சிந்தியும் இருந்தது.

மெஷின் நின்றதும் ஷிஃபான் ஹெட்டுக்குள் விரலை விட்டுத் தடவினார். நடுங்கும் விரல்தான். ஆனாலும் எந்த இடம் எப்படி என்று அதற்குத் தெரிந்திருந்தது.

"இந்தக் கூரைய விட்டுரு. தொட வேணாம்."

ஜெஸ்லா மெஷினை மேசைமேல் வைத்தார்.

"ஏன்?" என்றார்.

ஷிஃபான் வளைந்த கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்து, தண்ணீர் போகும் துளைக்குள் அதை எப்படி விடுவது என்று காட்டத் தொடங்கினார்.